கிண்டர் கார்டன் என்று வந்த செய்தி

எங்கள் அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. தெற்கே ஒரு தீவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கிண்டர்கார்டன் வேண்டும் என்று கேட்டார்கள். கப்பலில் கத்திரி விதையும் இரண்டு மண்வெட்டியும் ஒரு பூவாளியும் போய் இறங்கின. வயர்லெஸ் அறையில் இருந்த காதர் பாய்க்குக் காது சரியில்லை, 'கிண்டர்' என்பது 'கிச்சன்' என்று விழுந்துவிட்டது. இவ்வளவுதான் கதை. விருப்ப ஓய்வு பெற்று நான் வெளியே வந்த அன்று, சமோசா தட்டுகள் காலியானதும், "மேடம், அந்த பைங்கன் ஸ்டோரி ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க" என்று, கத்திரிக்காயை இந்தியில் சொல்லி, புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டார்கள். நானும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கதையில் ஒரு பிழை இருக்கிறது. காதர் பாயின் காது நன்றாகவே இருந்தது. கிண்டரைக் கிச்சன் ஆக்கியவள் நான்தான்.

நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள். வானிலை, வந்த கப்பல், போன கப்பல், அலுவலகத்தில் அன்று தட்டச்சு செய்த தாள்களின் எண்ணிக்கை, பேசியதில் நினைவில் நின்றவை. அந்த ஆண்டின் நாட்குறிப்பை மேசையில் திறந்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதில் உள்ளது உள்ளபடி எழுதப் பார்க்கிறேன்.

போர்ட் பிளேரில், டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் வளர்ந்தேன். அப்பாவுக்குப் பொதுப்பணியில் வேலை. பள்ளி முடித்ததும் ஜங்லிகாட்டில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையம். மாடியில் நாங்கள் தட்டுவதும் கீழே தகரப் பட்டறையில் தட்டுவதும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும். இரண்டு ஆண்டுகளில் ஆங்கிலச் சுருக்கெழுத்தும் தேறினேன். மூன்றாவது ஆண்டு ஸ்டெனோ வேலை கிடைத்தது. அதன்பின் கடைசிவரை பள்ளிகளைக் கவனிக்கும் அந்த ஒரே அலுவலகம்.

அந்தக் காலத்தில் தூரத்துத் தீவுகளுக்கு ஒழுங்கான தொலைபேசி கிடையாது. அவசரமான எதுவும் வயர்லெஸ்ஸில் வரும். காலை பத்தரைக்கு ஒருமுறை, பிற்பகல் மூன்றுக்கு ஒருமுறை. அங்குள்ள ஆபரேட்டர் வாசிப்பார். இங்கே காதர் பாய் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பென்சிலால் பெரிய எழுத்துகளில் எழுதிக்கொள்வார். ஐயமான சொல் வந்தால் எழுத்தெழுத்தாகக் கேட்பார். D-க்கு டெல்டா, T-க்கு டேங்கோ, K-க்கு கிலோ என்று ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பெயர். எழுதி முடித்ததும் முழுச் செய்தியையும் திருப்பி வாசித்துச் சரிபார்ப்பார். பிறகு இளஞ்சிவப்புப் படிவத்தில் மூன்று படிகள். ஒன்று எனக்கு வரும். நான் அதைக் கோப்புக் குறிப்பாகத் தட்டச்சு செய்து சூப்பிரண்டிடம் வைக்க வேண்டும்.

சூப்பிரண்டு பொன்னுசாமி சார். திருநெல்வேலிக்காரர். தீவுக்கு வந்து பல வருடமாகியும் பேச்சு மாறாதவர். இந்தப் படிவங்களுக்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று: வந்ததை வந்தபடி அடி. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடு. படிவத்தைத் திருப்பி அனுப்பு, மூன்று மணிக்குக் கேட்டு வாங்கு. நீயாகத் திருத்தாதே.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு தாளில் பிழை இருந்தால் அதை மட்டும் எடுத்து மேசையின் நடுவில் வைப்பார். கண்ணாடியைக் கழற்றி அதன்மேல் வைப்பார். நாம் போய் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவரிடம் தடித்த ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எந்தச் சொல் எந்த நாட்டிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது என்று படிப்பார். அதிலும் ஜெர்மன் சொற்கள் என்றால் அவருக்குத் தனி மகிழ்ச்சி.

"சொல்லுதேன், கேட்டுக்கோ. டீசல் இருக்குல்லா? அது எண்ணெய் பேரு இல்ல, ஆளு பேரு. ஜங்லிகாட் மெக்கானிக் தெனம் ஒரு ஜெர்மன்காரனக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கான், அவனுக்கே தெரியாது."

"நூடுல்ஸ் சீனாக்காரன் சாப்பாடு சார்."

"திங்கது சீனாக்காரன். பேரு ஜெர்மன்காரன் குடுத்தது. உங்க வீட்டுக் கூரையில இருக்கே ஜிங்க் ஷீட்டு, அந்த ஜிங்க்கும் அவன்தான். கையில கட்டியிருக்கியே குவார்ட்ஸ் கடிகாரம், அதுவும் அவன்தான்."

ஒருநாள் கப்பல் கால அட்டவணை பற்றிய கடிதம் ஒன்றில் 'ஹின்டர்லாண்ட்' என்று வந்தது. துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற நிலப்பகுதி என்று விளக்கினார். பிறகு சன்னல் வழியே கடலைப் பார்த்துவிட்டு, "நமக்குப் பின்னாலயும் தண்ணி, முன்னாலயும் தண்ணி. இந்த வார்த்தையை வச்சு நாம என்ன செய்ய?" என்றார்.

இவற்றையெல்லாம் நாட்குறிப்பின் கடைசிப் பக்கங்களில் பட்டியலிட்டேன். சொல், பொருள், எழுத்துக்கூட்டல், சார் சொன்ன தேதி என்று நான்கு பத்திகள். அந்தப் பட்டியல் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது என்று இன்று எழுத முடிகிறது.

அது தொடங்கியது ரக்சாக்கில். மாணவர் முகாமுக்கு 'ரக் சாக்' முப்பது வேண்டும் என்று ஒரு தீவிலிருந்து செய்தி வந்தது. விரிப்புக்கு வரும் ரக், தனியாக ஒரு சாக். வாங்கும் பிரிவில் இருந்தவர் கம்பளி விரிப்பும் கோணிச் சாக்கும் விலை விசாரிக்கத் தொடங்கியிருந்தார். நான் பட்டியலைப் பார்த்தேன். முதுகில் மாட்டும் பை. ஒரே சொல்லாக, சரியான எழுத்துகளோடு திருத்தி அடித்து வைத்தேன். கேள்விக்குறி போடவில்லை. பொன்னுசாமி சார் படித்தார், தன் விதியை மறந்தார், எல்லோருக்கும் கேட்கும்படி, "இவ கண்ணுக்கு ஒண்ணும் தப்பாதுய்யா" என்றார்.

அன்றைய குறிப்பில் அந்த வாக்கியத்தை இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அதன்பிறகு எந்தப் படிவத்திலும் நான் பென்சில் வைக்கவில்லை. நேரே திருத்தினேன்.

அடுத்த மழைக்காலத்தில் பொன்னுசாமி சார் மகள் கல்யாணத்துக்காக மெயின்லேண்ட் போனார். கப்பலில் போய்க் கப்பலில் திரும்ப ஒரு மாத விடுப்பு. பொறுப்பு அதிகாரி பக்கத்துப் பிரிவுக்காரர், எங்கள் கோப்புகள் அவருக்குப் புதியவை. "மல்லிகாஜி, ஆப் தேக் லியா நா?" என்று கேட்பார். பார்த்துவிட்டேன் என்றால் கையெழுத்துப் போடுவார்.

அந்த வாரம் இரண்டு பட்டியல்கள் வெள்ளிக்கிழமை முடிய வேண்டியிருந்தன. ஒன்று, மதிய உணவுக்காகப் பள்ளி வளாகத்தில் காய்கறித் தோட்டம் போட விரும்பும் பள்ளிகள். மற்றது, குழந்தைகள் வகுப்பு புதிதாகத் தொடங்க, ஆசிரியைப் பணியிடத்தோடு அனுமதி கேட்கும் பள்ளிகள். கிச்சன் கார்டன் பட்டியலுக்குப் பதினொரு பள்ளிகளிலிருந்து செய்தி வந்திருந்தது. இரண்டாவதற்கு மூன்றே மூன்று.

வியாழன் காலை காதர் பாயின் படிவம் வந்தது. நாட்குறிப்பில் அதன் வாசகம் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி: 'இப்பள்ளியில் கிண்டர் கார்டன் கோரிக்கையை நடப்புப் பட்டியலில் சேர்க்கவும். இடம் உள்ளது. மூன்று ஆண்டுகளாக ஒரு பெண் ஊதியமின்றிப் பார்த்து வருகிறார்.'

கிண்டர்கார்டன் எனக்குத் தெரியாத சொல் அல்ல. ஆனால் தீவில் யாரும் அதை முழுதாகச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது கேஜி, எல்கேஜி, யூகேஜி. படிவங்களிலும் அப்படித்தான் வரும். புத்தகத்தில் பார்த்தபோதெல்லாம் அது ஒரே சொல், பின்பாதியில் டேங்கோ. இங்கே இரண்டாகப் பிரிந்து, டெல்டாவோடு நின்றது. கார்டன் என்றால் தோட்டம். அதற்கு முன்னால் 'கிண்டர்' என்று ஏதோ தவறாக விழுந்திருக்கிறது. இடம் இருக்கிறது, ஒரு பெண் பார்த்துக்கொள்கிறாள். தோட்டத்தைத்தானே பார்த்துக்கொள்வார்கள்? பதினொரு செய்திகளை அடித்த விரல் பன்னிரண்டாவதையும் அடித்தது. கிச்சன் கார்டன். 'பட்டியல் முழுமை, 12' என்று அன்றைய குறிப்பில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தால் மூன்று மணிக்குப் பதில் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துத் தலைமையாசிரியரிடமிருந்து செய்தி: 'கத்திரி விதை கிடைத்தது. பிள்ளைகளை இதில் எங்கே நட வேண்டும் என்று தெரிவிக்கவும்.' அன்று அலுவலகம் முழுதும் சிரித்தது. கேன்டீனில் காதர் பாய் நுழைந்தாலே, "க்யா பாய், ஆஜ் பைங்கன் மிலேகா?" என்று கத்திரிக்காய் கேட்பார்கள். "பாய், காது கழுவியாச்சா?" என்பார்கள். அவர் ஒரு வாரம் பதில் சொல்லிப் பார்த்தார். "அல்லா மேல ஆணையா நான் கிண்டர்னுதான்யா எழுதினேன், படிவத்தப் பாருங்கய்யா" என்றார். பிறகு விட்டுவிட்டார். நான் அதே மேசையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் விடுப்பு முடிந்து திரும்பியிருந்த பொன்னுசாமி சார் படிவத்தைக் கேட்டு வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு பேசினார்.

"கிண்டர்னா ஜெர்மன்ல குழந்தைங்க. கார்டன் இல்லம்மா, கார்ட்டன். குழந்தைங்களோட தோட்டம். அந்தத் தலைமையாசிரியரும் நம்ம ஆளு, அங்க இருக்கிற ஆபரேட்டரும் நம்ம ஆளு. நம்ம எழுத்துல அந்த ரெண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான். வாயிலயும் ஒண்ணுதான். தமிழ்ல எழுதினா கிண்டர்கார்டன்னு சரியாத்தான் இருக்கும். இங்கிலீஷ்ல டெல்டா போட்டுட்டான். வெள்ளைக்காரன்லயே பாதிப் பேரு அப்படித்தான் எழுதுவான்."

படிவத்தின் வெறும் ஓரத்தைக் காட்டினார்.

"பென்சில் எங்கம்மா?" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் படிவத்தின்மேல் வைத்தார். "எப்படி நடந்ததுன்னு ஒரு நோட் போடு."

நோட் போட்டேன். 'செய்திப் பரிமாற்றத்தில் ஏற்பட்ட எழுத்துப் பிழை காரணமாக' என்று தொடங்கியது. பொய் அல்ல. டெல்டா இருந்தது உண்மை. கிண்டர் கிச்சன் ஆனதைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. சரியாக எழுதத் தெரிந்தவளால்தான் அப்படி எழுத முடியும். சார் இரண்டு முறை படித்தார். "எழுத்து தப்பா வந்தது நிஜம். மீதிய நீ பாத்துக்கோ" என்று கையெழுத்திட்டார்.

அதற்கடுத்த கப்பலில் பாக்கியம் வந்தார்.

சிலோனிலிருந்து திரும்பி, ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பன்னிரண்டாவது வரை படித்து, குழந்தைகள் ஆசிரியைப் பயிற்சியும் முடித்திருந்தார். பள்ளியின் பின்கட்டில் மூன்று ஆண்டுகளாக அந்த வகுப்பைச் சம்பளமில்லாமல் நடத்தியவர் அவர்தான். மின்னி பே பகுதியில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் எங்கள் வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று நோட்டுகள். வருகைப் பதிவேடு. அட்டை போட்டு, கோடு கிழித்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரேயும் நாள்தோறும் குறி. என் நாட்குறிப்பைவிட ஒழுங்காக இருந்தது.

"மேடம், அடுத்த லிஸ்ட்டு எப்பங்க?" என்று கேட்டார்.

"வருஷம் ஒரு தடவைதான். அடுத்த வருஷம் கண்டிப்பா வரும்."

"அதுல எங்க ஸ்கூல் பேரு வந்துருங்களா?"

"வந்துரும்."

"அப்ப எனக்கு வயசு தாண்டிருமேங்க. மார்கழியில முப்பத்தஞ்சு முடியுது. அதுக்கு மேல எடுக்க மாட்டாங்கன்னு ஹெட்மாஸ்டர் சார் சொல்றாரு." சற்று நிறுத்தி, "இது யாரு பண்ணுன தப்புங்க? யாரையும் சண்டை புடிக்க வரலைங்க. தெரிஞ்சா எழுதிக் கேக்கலாம்ல, அதான்" என்றார்.

"வயர்லெஸ்ல வந்த கோளாறும்மா" என்றேன்.

அவர் தலையாட்டினார். கடலைத் தாண்டி வரும் பேச்சில் கோளாறு வருவது அவருக்கு நியாயமாகவே பட்டது.

வயது வரம்பைத் தளர்த்தக் கோரி அவருக்காக நானே மனு தட்டச்சு செய்தேன். ஒரு பிழை இல்லாத மனு. மேலிடத்துக்குப் போய் ஆறு வாரத்தில் திரும்பியது. அலுவலகத்தின் தவறால் ஒருவர் வாய்ப்பு இழந்திருந்தால் வயதில் தளர்வு தரலாம். ஆனால் கோப்பிலுள்ள குறிப்பின்படி தவறு செய்திப் பரிமாற்றத்தில் நேர்ந்தது, இவ்வலுவலகத்தில் அல்ல. ஆகவே இடமில்லை. அவர்கள் எடுத்துக்காட்டியது என்னுடைய நோட்டை.

பொன்னுசாமி சார் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். அவர் கதவைச் சாத்தச் சொன்னது அந்த ஒருமுறைதான்.

"அந்த நோட்டை மாத்தி எழுதுதியா? உனக்கு ஒரு மெமோ வரும். சர்வீஸ் புக்ல ஏறும். இந்த வருஷப் பதவி உயர்வு தள்ளிப்போகும். அவ்வளவுதான். அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சிரும்."

"சார், நாளைக்குச் சொல்லுறேன்" என்றேன்.

"நாளைக்கு வரைக்கும் கோப்பு என் மேசையிலதான் இருக்கும்."

மறுநாள் போனேன். வேறு மூன்று கோப்புகளைப் பற்றிப் பேசினேன். அவரும் அந்த மூன்றைப் பற்றியே பேசினார். மாலையில் அந்தக் கோப்பு முடிந்ததாகக் கட்டப்பட்டுப் பதிவறைக்குப் போனது. அவராகவே எழுதியிருக்கலாமே என்று பல ஆண்டு அவர்மேல் குறைப்பட்டிருக்கிறேன். நான் எழுத வேண்டியதை அவர் எழுதவில்லை என்று குறைப்படுவது எவ்வளவு வசதி. அதன்பின் அவர் எனக்கு எந்தச் சொல்லுக்கும் ஊர் சொல்லவில்லை. என் பட்டியல் அத்தோடு நிற்கிறது. கிண்டர்கார்டன் அதில் இல்லை.

எனக்குப் பதவி உயர்வு வந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பள்ளிக்குக் குழந்தைகள் வகுப்பும் வந்தது. போர்ட் பிளேரிலிருந்து இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி ஆசிரியையாகப் போனாள். அந்த நியமன ஆணையை அடித்தவளும் நானே. அதே ஆணையின் கீழ்ப்பகுதியில், 'உதவியாளர், தற்காலிகம்' என்ற இடத்தில் பாக்கியம் பெயர். பிள்ளைகளுக்குக் கைகழுவி விட, பாய் விரிக்க.

ஓய்வுபெற்ற மறுவாரம் முதலில் காதர் பாயைத் தேடினேன். இராமநாதபுரம் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அட, எனக்கு அப்பவே தெரியும் மல்லிகாம்மா. படிவம் எங்கிட்டயும் ஒரு படி இருந்துச்சுல்ல?" என்றார். ஏன் காட்டவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டா? சிரிக்கிறவங்கள நிறுத்திப் படிவமா காட்ட முடியும்?" என்றார். உடம்பு எப்படி என்று விசாரித்தார்.

பாக்கியத்தின் எண்ணைப் பள்ளியில் கேட்டு வாங்கினேன். இப்போது அங்கே கைபேசி எடுக்கிறது. பேச வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு அழைத்தேன். நான் யார் என்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது. "மனு அடிச்சுக் குடுத்த மேடம்தானேங்க? நல்லா இருக்கீங்களா?" என்றார். பின்னால் குழந்தைகளின் சத்தம் கேட்டது. இன்னும் தற்காலிகம்தானாம். இதுவரை நான்கு ஆசிரியைகள் மாறிவிட்டார்கள். புதியவர் வரும்வரை ஒவ்வொரு தடவையும் வகுப்பை எடுப்பது இவர்தான்.

தாளைப் பார்த்துச் சொன்னேன். படிவத்தில் இருந்தது, நான் அடித்தது, நான் எழுதிய நோட், கதவைச் சாத்திக்கொண்டு சார் கேட்டது, மறுநாள் நான் சொல்லாமல் விட்டது. ஒன்றையும் விடவில்லை. லைன் போய்விட்டதோ என்று, "கேக்குதாம்மா?" என்றேன்.

"கேக்குதுங்க" என்றார். "நீங்க இப்ப சொன்னா எனக்கு வயசு குறையுமாங்க?"

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன்.

"சரிங்க மேடம். புதுசா சேந்த புள்ள ஒண்ணு அழுவுது. வச்சிர்றேன்" என்றார்.

ஒன்பது முப்பத்தொன்றுக்கு அழைப்பு முடிந்தது.